டப்பா அண்ணாத்தேயின் நாலு குடைமிளகாய்ச் செடிகள்

காலியான டப்பாவைக் காலியாகவே கிடக்க விடாத மனிதர் உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அவர் எண்பதுகளின் நடுவில் அம்பத்தூரில் என் பாய்க்கு இரண்டடி தள்ளிப் படுத்திருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் கம்பெனி அட்டெண்டன்ஸில் மட்டும் இருந்தது. மற்றபடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுக்க அவர் டப்பா அண்ணாத்தே.

டீக்கடையில் நாமெல்லாம் டீ குடிப்போம். அவர் பிஸ்கட் டின்னில் இன்னும் எத்தனை பிஸ்கட் பாக்கி என்று பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் சூப்பர்வைசரின் தகப்பனார் இறந்து, பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனோம். படத்துக்கு முன்னால் நின்று அண்ணாத்தே உண்மையிலேயே கண் கலங்கினார். கண்ணைத் துடைத்த கையோடு சமையல்காரரிடம் போய், "அந்த எண்ண டின்னு காலியா கீதா? இல்ல, இன்னும் வட போடுவீங்களா?" என்று கேட்டார்.

எல்லாம் தக்காளிச் செடிக்காக. எங்கள் கம்பெனியில் அவர் டிரில்லிங் மெஷின் ஆபரேட்டர். டப்பாவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட வேண்டும் அல்லவா? மற்றவர்கள் ஆணியால் நாலு குத்துக் குத்துவார்கள். அண்ணாத்தே சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவை மெஷினில் ஏற்றி, நடுவில் ஒன்று, சுற்றிலும் சம இடைவெளியில் ஆறு என்று ஏழு ஓட்டை போடுவார். ஸ்கேல் வைத்து அளப்பார். ஒருநாள் ஃபோர்மேன் பார்த்துவிட்டார்.

"இது எந்தக் கம்பெனி ஆர்டர்யா?"

"தக்காளி, சார்."

ஃபோர்மேன் அப்படி ஒரு கம்பெனி இருக்கிறதா என்று ஆபீசில் விசாரித்துவிட்டு வந்தார்.

வாடகை அறையில் நாங்கள் மூன்று பேர். அண்ணாத்தே, டைம் ஆபீஸ் கிளார்க்கான நான், சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டதால் பேட்டரி என்று பெயர் பெற்ற எலெக்ட்ரீஷியன். அறையில் மூன்று பேருக்கும் மூன்று வேலை: அண்ணாத்தே எதையாவது செய்வார், நான் அவரைப் போல நடித்துக் காட்டுவேன், பேட்டரி சிரிப்பான். தோள்பட்டையைக் குறுக்கி, கழுத்தை முன்னால் நீட்டி, கன்னத்தை உப்பிக்கொண்டு, "இன்னா மாமே" என்று ஆரம்பித்தால் போதும், பேட்டரிக்குக் கண்ணாடி நழுவிவிடும். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. இப்போது எழுதும்போதுதான் அந்தப் பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முதல் வருடம் தக்காளிச் செடிகள் வாசலில்தான் இருந்தன. காய் பிடிக்கிற நேரத்தில் தெரு ஆடு ஒன்று வந்து பதினோரு செடியையும் தின்றுவிட்டு, பன்னிரண்டாவதாக அண்ணாத்தேயின் துண்டையும் பாதி தின்றது. அது ஒரு துயரம். அதைவிடப் பெரிய துயரம், மறு ஞாயிறு அவருடைய சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. அன்றைக்கு அவரவர் விளைவித்ததைக் காணிக்கையாகக் கொண்டு போவார்கள். எஸ்டேட் ஆட்களுக்கு ஏது வயல்? பலரும் கடையில் வாங்கிப் போவதுதான். அண்ணாத்தேயும் ஒரு பரங்கிக்காய் வாங்கிப் போனார். கடைக்காரன் அதன் மேல் சாக்பீஸால் 'மூணே கால் கிலோ' என்று எழுதியிருந்ததை அவர் பார்க்கவில்லை.

காய்கறி மேசையில் நின்றிருந்தவர் சுகந்தி டீச்சர். கல்யாணமாகாதவர், சிரித்துப் பேசுகிறவர். அண்ணாத்தே பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிப்பதற்குக் காரணமானவர். டீச்சர் பரங்கிக்காயைத் திருப்பிப் பார்த்து, "ஆண்டவருக்கே எடை போட்டுக் கொண்டு வந்துட்டீங்களா?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது.

"அடுத்த வர்சம் என் கையால வளத்து எட்தாறேன், டீச்சர்."

"என்ன வளர்ப்பீங்க?"

"தக்காளி."

"தக்காளி குப்பைமேட்டுலகூட வளருமே! குடைமிளகாய் வளர்த்துக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

இந்த 'அப்புறம் பேசலாம்' என்பதை அண்ணாத்தே ஒரு வாரம் மடியில் வைத்துக்கொண்டு சுற்றினார்.

"பேசலாம்னா இன்னா மாமே? எத்தப் பத்திப் பேசலாம்?"

"மழை எப்ப வரும்னு கேப்பாங்க, அண்ணாத்தே."

"கிண்டல் பண்ணாத. எனக்கு நாப்பது வயசாவுது."

அதை அவர் சிரிக்காமல் சொன்னார். நான் அதையும் கன்னத்தை உப்பிக்கொண்டு நடித்துக் காட்டினேன்.

அடுத்த ஜூனில் கொத்தவால்சாவடிக்குப் போய் ஒரே ஒரு குடைமிளகாய் வாங்கி வந்தார். ஆபரேஷன் மாதிரி அறுத்து, விதையை எடுத்து, நிழலில் உலர்த்தி, கொட்டாங்குச்சிகளில் போட்டார். பன்னிரண்டு விதையில் முளைத்தது நாலு. கூடவே ஏழெட்டுத் தக்காளி. ஆட்டுக்குப் பயந்து வாசல் கூடாது. 'மாடி ஒழுகும்' என்று வீட்டுக்காரர் மாடியும் கூடாது என்றுவிட்டார். ஆக, எல்லாம் அறைக்குள். ஒரே ஜன்னல், அது செடிகளுக்கு. ஒரே டேபிள் ஃபேன், அதுவும் செடிகளுக்கு. காற்றில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஃபேனை என் பக்கம் திருப்பினேன். அண்ணாத்தே எழுந்து வந்து திரும்பச் செடிப் பக்கம் திருப்பினார்.

"காத்து மேல பட்டாத்தான் மாமே தண்டு கெட்டியாவும்."

"எனக்கு வேர்க்குது, அண்ணாத்தே."

"உனக்குத் தண்டு இன்னாத்துக்கு?"

நாற்று கொஞ்சம் பெரிதானால் அதைக் கொட்டாங்குச்சியிலிருந்து காபித்தூள் டப்பாவுக்கு மாற்றுவார். அங்கேயும் வேர் நிறைந்தால் பெயிண்ட் டப்பா. இதற்கு அவர் வைத்த பெயர் 'ஊடு மாத்துறது'. ஊடு மாற்றுகிற நாளில் வேலைக்கு லீவு. தண்டைத் தொடவே மாட்டார், இலையைத்தான் பிடிப்பார். "எல போனா வேற எல வரும். தண்டு நசுங்கினா இன்னா வரும்? ஒண்ணியும் வராது." டப்பாவைக் கவிழ்த்து, அடியில் தட்டி, மண்ணோடு வேர்க்கட்டி உடையாமல் உள்ளங்கையில் இறக்குவார். ராகுகாலம் மட்டும் கூடாது.

"அண்ணாத்தே, நீ கிறிஸ்டின். உனக்கு எதுக்கு ராகுகாலம்?"

"எனக்கு இல்ல மாமே. செடி இந்துவா கிறிஸ்டினானு யாருக்குத் தெரியும்? எதுக்கு ரிஸ்க்கு?"

புது டப்பாவுக்குப் போன செடி முதல் நாள் வெயில் படாமல் அறையின் ஒரே கட்டிலுக்கு அடியில் இருக்க வேண்டும். அன்றைக்கு ரேடியோ போடக் கூடாது. ஏன் என்றால், "புது ஊட்ல மொத நாளு யாருக்கும் கூச்சமா இருக்கும்" என்பார்.

பேட்டரி புதிதாக ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினான். மறுநாள் காலை, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், குழாயடியில் அதில் தண்ணீர் பிடித்து, தூக்கிக்கொண்டு குளியலறைக்கு நடந்தான். வழியெல்லாம் கீழே ஏழு தாரை. நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு. குளியலறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் கையில் பக்கெட் மட்டும்தான் இருந்தது.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோது ஆகஸ்டில் அண்ணாத்தேக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் இரண்டும் எலுமிச்சம்பழம். சென்னீர்குப்பத்தில் இருக்கும் அவருடைய அக்கா, கீழாநெல்லி கொடுத்துப் பத்தியம் போடுவதற்காக ஆட்டோவோடு வந்துவிட்டார். மூன்று வாரம் அங்கேதான். ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு, மூச்சு வாங்க, அண்ணாத்தே எனக்குப் பாடம் எடுத்தார்.

"பத்து நாள்ல எல்லாத்தியும் பெயிண்ட் டப்பாவுக்கு மாத்தணும் மாமே. கேட்டுக்கோ. தக்காளிய கழுத்து வரிக்கும் பொதைச்சுடு. எவ்ளோ ஆழம் போதோ அவ்ளோ வேரு வுடும். ஆனா மொளகா..."

அந்த இடத்தில்தான் நான் அவருக்குப் பின்பக்கமாக நகர்ந்து, கன்னத்தை உப்பி, கழுத்தை நீட்டினேன். வாசலில் நின்ற பேட்டரி வெடித்துச் சிரித்தான். ஆட்டோவும் கிளம்பிற்று. அண்ணாத்தே தலையை வெளியே நீட்டி என்னவோ சொல்லிக்கொண்டே போனார். நான் உப்பிய கன்னத்தை இறக்கிவிட்டு, "சரி அண்ணாத்தே! சரி அண்ணாத்தே!" என்று கையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட வாக்கியங்கள் எத்தனையோ. அதில் மிகவும் விலை உயர்ந்தது அது.

பத்தாம் நாள் பார்த்தால், காபித்தூள் டப்பா ஒவ்வொன்றிலும் ஏழு ஓட்டை வழியாகவும் வேர் எட்டிப் பார்த்தது. எனக்கு உள்ளூர உதறல். ஆனாலும் ராகுகாலம் பார்த்து, லீவு போட்டு, இலையைப் பிடித்து, எல்லாவற்றையும் மாற்றினேன். தக்காளிகளைக் கழுத்து வரை புதைத்தேன். குடைமிளகாய்களையும் கழுத்து வரை புதைத்தேன். பயந்தவன் எதையும் குறையச் செய்ய மாட்டான். மேலே இரண்டு சொம்பு தண்ணீரும் ஊற்றினேன்.

நாலாம் நாள் தக்காளிகள் நிமிர்ந்து நின்றன. குடைமிளகாய் நாலும் தலை குனிந்துவிட்டன. மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு பழுப்பாக, வழவழவென்று இருந்தது. துடைப்பக் குச்சி நட்டு, நூலால் கட்டி, கழுத்துக்கு முட்டுக் கொடுத்தேன். குளுக்கோஸ் கரைத்து ஊற்றினேன். எறும்புகள் அதற்காக நன்றி சொல்ல வந்தன. பதற்றத்தில் தெருமுனை டாக்டரின் கம்பவுண்டரிடம் ஓடினேன்.

"சார், கழுத்து நிக்க மாட்டேங்குது. தொங்குது."

"ஜுரம் இருக்கா?"

"தொட்டா ஜில்லுனு இருக்கு, சார்."

"வயசு என்ன?"

"ஐம்பது நாள்."

கம்பவுண்டர் சிரித்தார். "ஐம்பது நாள்ல எப்படிப்பா கழுத்து நிக்கும்? மூணாம் மாசம் தானா நின்னுடும். போ, தாய்ப்பால் மட்டும் குடு."

நம்புங்கள், அந்த ஒரு சாயங்காலம் நான் நிம்மதியாக இருந்தேன். டாக்டர் வீட்டு ஆளே சொல்லிவிட்டாரே! மறுநாள் காலை நாலும் படுத்துவிட்டன.

பிறகு நான் பட்ட பாடு. சைக்கிளை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் இருந்த நர்சரி எல்லாம் ஏறி இறங்கினேன். ரோஜா இருக்கிறது, குரோட்டன்ஸ் இருக்கிறது, போகன்வில்லா இருக்கிறது. "குடமொளகா நாத்தா? ஊட்டிக்கு ரயிலு ஏறு, நைனா" என்றார் ஒருவர். கடைசியில் ரயிலேறி வேப்பம்பட்டுக்குப் போய், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தோட்டக்காரரிடம் கெஞ்சி நாலு நாற்று வாங்கி வந்தேன். பச்சை மிளகாய் நாற்று. இலையைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்தது. அதே நாலு டப்பாவில் நட்டேன். செத்த நாலையும் காகிதத்தில் சுற்றிக் குழாயடிக் குப்பையில் போட்டேன்.

அண்ணாத்தே பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் ஜன்னலுக்குப் போனார். தக்காளிகளைத் தடவினார். பிறகு முதல் குடைமிளகாய் டப்பாவுக்கு முன்னால் குந்தி, ஒரு இலையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். இரண்டாவது டப்பா. மூன்றாவது. நாலாவதில் கொஞ்சம் அதிக நேரம். பேட்டரி கண்ணாடியைக் கழற்றிவிட்டான், எதையும் பார்க்க வேண்டாம் என்று.

"நல்லா கீது மாமே" என்றார் அண்ணாத்தே. எழுந்து குழாயடிக்குப் போய்க் கால் கழுவிவிட்டு வந்தார். கால் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

தப்பித்தோம் என்று நானும் பேட்டரியும் டீக்கடையில் கை தட்டிக்கொண்டோம். அடுத்த இரண்டு மாதம் அந்தப் பொய்ச் செடிகளுக்கு அவர் ஃபேன் வைத்தார், தண்ணீர் விட்டார், இலை துடைத்தார். பூ வந்தது. காயும் வந்தது. ஒல்லியாக, நீளமாக, முனை கூர்ந்து. அவர் அதைச் சுண்டிப் பார்த்து, "காமால வந்த ஊடு இல்ல? அதான் எளைச்சுப் போச்சு, என்ன மாதிரியே" என்றார். நாங்கள் இருவரும் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தோம்.

நவம்பரில் அறுப்பின் பண்டிகை. தூறலில் தக்காளிக் கூடையை அவர் தூக்கிக்கொள்ள, மிளகாய்ச் செடி டப்பாவை நான் தூக்கிக்கொண்டு போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி பயம். அண்ணாத்தே இஸ்திரி போட்ட சட்டை. தலையில் எண்ணெய்.

சுகந்தி டீச்சர் மேசைக்குப் பின்னால் நின்றார். தக்காளியைப் பார்த்து, "அட, நிஜமாவே வளர்த்துட்டீங்களே!" என்றார். அப்புறம் என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தார்.

"இது பச்சை மிளகாய்தானே? குடைமிளகாய் எங்கே?"

நான் டப்பாவை உயர்த்தி, அதன் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஏழு ஓட்டையிலிருந்தும் தண்ணீர் என் சட்டையில் சொட்டியது.

"வரல, டீச்சர்" என்றார் அண்ணாத்தே. "நாலு முளைச்சுது. நல்லாத்தான் வந்துகினு இருந்துது. ஊடு மாத்துறப்போ, தக்காளி மாதிரி கழுத்து வரிக்கும் பொதைச்சுட்டேன். மொளகாவ அப்டிப் பொதைக்கக் கூடாது. முன்னாடி எவ்ளோ மண்ணு இருந்துதோ அவ்ளோதான். தெரிஞ்சே தப்பு பண்ணிட்டேன். அழுகிப் போச்சு."

பொதைச்சுட்டேன் என்றார். பொதைச்சுட்டான் என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அன்றைக்குக் குழாயடியில் அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். வந்த நாளிலிருந்தே தெரியும். இரண்டு மாதமாக நாங்கள் அவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்துச் சிரித்திருக்கிறோம். அவர் எனக்காக நடித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர், "பரவாயில்ல, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவரின் வாழைத்தாரை வாங்கிக்கொண்டார். வரிசை நகர்ந்தது.

என்னால் எதையும் நடித்துக் காட்ட முடியும், யாருக்கும் பதில் கொடுக்க முடியும். எஸ்டேட்டில் என் வாய்க்குப் பயந்து வழி மாறிப் போனவர்கள் உண்டு. 'அவர் இல்ல, டீச்சர், நான்தான் கொன்னேன். அவர் அதை ஐம்பது நாள் குழந்தை மாதிரி வளர்த்தார், அந்த ஃபேன் காத்தைக்கூட அதுக்குத்தான் குடுத்தார்' என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா? அந்த அரை நிமிடம் என் வாய் திறக்கவில்லை. வேறு எந்த நிமிடத்திலும் அது மூடியிருந்ததாக எனக்கு நினைவில்லை.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ள முடியவில்லை. மே மாதம் டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ஒரு கடுதாசி போட்டுப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். "இன்னான்னு எழுதுறது? குடமொளகா இன்னும் வரலன்னா?" என்றார் அண்ணாத்தே. அந்த முறை ஜூனில் அவர் தக்காளி மட்டும் போட்டார். அன்றைக்கு சர்ச்சில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடக்காமலும் இருந்திருக்கலாம். அந்த 'அப்புறம் பேசலாம்' என்பதை டீச்சர் விளையாட்டாகத்தான் சொல்லியிருக்கலாம். ஆனால் அது எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாமல் போயிற்று. அப்படித் தெரியாமல் போகச் செய்தவன் நான்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, சேக்காட்டில் ஒரு வாடகை வீட்டில் பால் காய்ச்சினோம். எல்லோரும் எவர்சில்வர் பாத்திரமாகக் கொண்டு வந்தார்கள். அண்ணாத்தே ஒரு பெயிண்ட் டப்பாவோடு வந்தார். உள்ளே ஒரு குடைமிளகாய் நாற்று. டப்பாவின் உட்பக்கம், மண் மட்டத்துக்கு நேராக, சிவப்புப் பெயிண்டில் சுற்றிலும் ஒரு கோடு. கோணாமல், ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி.

"இன்னா அண்ணாத்தே இது?"

"மண்ணு இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது. பேசாத கோடு மாமே. நீ நடிச்சிகினு இருந்தாலும் அது பாட்டுக்கு அங்கியே கீது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாத்தே, அன்னிக்கு சர்ச்சுல..." என்று ஆரம்பித்தேன்.

"வுடு மாமே. மொதல்ல செடியக் கட்டிலுக்கு அடியில வை" என்றார்.

அந்தச் செடி ஆறு காய் காய்த்தது. அண்ணாத்தே கம்பெனியில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு அக்கா வீட்டோடு போய், அங்கேயே தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். சென்னீர்குப்பத்துக்கு நான் போனபோது அக்கா வீட்டுக் கூடம் முழுக்க டப்பாக்கள் அடுக்கியிருந்தன. குடைமிளகாய் ஒன்றுகூட இல்லை. எல்லாம் தக்காளி. எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் அக்கா. எனக்குக் கை வரவில்லை.

போன மாதம் வேப்பம்பட்டில் எங்கள் சொந்த வீட்டுக்குக் குடி போனோம். பழைய சாமான்களைக் கழித்துக் கட்டிய என் மனைவி, "இந்தத் துருப்பிடிச்ச டப்பா எதுக்குங்க? உள்ளே செடிகூட இல்லையே" என்றாள். உள்ளே சிவப்புக் கோடு இன்னும் இருந்தது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினேன். புது வீட்டில் கட்டிலைப் போட்டதும் அதை அடியில் தள்ளினேன். அவள் டிவியைப் போடப் போனாள்.

"இன்னிக்கு வேணாம், விடு" என்றேன்.

"ஏன், என்ன ஆச்சு?"

"மொத நாளு. கூச்சமா இருக்கும்."